விபுலானந்த அடிகளாரும் நாடகத் தமிழும்

கொல்லிமலை, அறப்பள்ளி என்னும் திருப்பெயரால் தேவார வைப்புத் தலங்களுள் வைத்து எண்ணப்படுவது. வல்வில் ஓரி ஆண்ட மலையாகச் சங்கச் செய்யுட்களில் புகழப்படுவது. அறப்பளீசுரரை வழிபட மலையேறி வருவோருள் பலரும் இவ்விரண்டினையும் அறிவர். இம்மலை இசைக்கும் கூத்துக்கும் உரிய மலை என்பதோ அத்துணைப் பலர் அறிந்த செய்தி அன்று.

திருநாவுக்கரசு சுவாமிகள் திருவதிகை வீரட்டானத்தில் சூலைநோய் தீர முதன்முதல் அருளிச்செய்த திருப்பதிகத்தின் பண் கொல்லி ஆகும். அதனை ஓதுவாமூர்த்திகள் இந்நாளில் நவரோசு இராகத்தில் ஓதுகின்றனர். இம்மலையின் குடபால் பூதம் ஒன்று அமைத்த பாவை உண்டென்றும், காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் அதன் அழகைச் சிதைக்கமாட்டா என்றும் நற்றிணை கூறும். பாவை என்னும் அப்பெயர், மாதவி ஆடிய பதினோராடலுள் திருமகளுக்கு உரிய கூத்தின் பெயருமாகும். இனி, ஓரியை நாடிச் சென்ற இரவலர் குழாம் முழவும் யாழும் தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் ஒருங்கமைத்துப் பாடிய செய்தியை வன்பரணர் புறநானூற்றில் விரித்துரைக்கின்றார். அப்புலவரே மற்றொரு செய்யுளில், ஓரியின் கொடையால் பசி தீர்ந்த அக்கூட்டத்தார் ஆடவும் மாட்டாராய்த் தம் பாடலையும் மறந்தனர் என்று நயம்பட மொழிகின்றார்.

உண்ட மயக்கத்தால் வந்த மறதி ஒரு பொழுதில் தெளிவது. தமிழ்நாடு பின்னாளில் தன் கூத்தையும் யாழையும் மறந்த மறதியோ அத்தகையது அன்று; நூற்றாண்டுகள் பல சென்றும் தெளியாதது. சிவபெருமானுக்குரிய கொடுகொட்டி, பாண்டரங்கம், திருமாலுக்குரிய அல்லியம், மல், குடம், முருகனுக்குரிய துடி, குடை, காமனுக்குரிய பேடி, கொற்றவைக்குரிய மரக்கால், திருமகளுக்குரிய பாவை, இந்திராணிக்குரிய கடையம் எனப் பதினொரு பெயர்களும் நமக்கு எஞ்சின. அவற்றை ஆடிய அடிகள் எஞ்சவில்லை. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் ஆகிய நூல்கள் தம் காலத்திலேயே இறந்துபட்டன என்று சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார் எழுதிச் சென்றார். அவர் கண்டு எடுத்தாண்ட மதிவாணர் நாடகத் தமிழ்நூலும் பின்னர் மறைந்தது. கானல்வரிக்கு அவர் வகுத்த உரைதானும் கிடைத்திலது. இங்ஙனம் பொருள் போய்ச் சொல் மட்டும் நின்ற நிலையில், அச்சொற்களுக்குரிய பொருளைத் தேடுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட துறவி ஒருவர் ஈழநாட்டில் தோன்றினார். அவரே சுவாமி விபுலானந்தர்.

கி.பி. 1892-ஆம் ஆண்டு, டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் முதன்முதல் அச்சேற்றிய ஆண்டாகும். அவ்வாண்டின் மார்ச்சுத் திங்களில், கிழக்கிலங்கையில் அக்காலத்து மட்டக்களப்பு மாவட்டத்தைச் சார்ந்த காரைதீவு என்னும் ஊரில், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக மயில்வாகனனார் பிறந்தார். அந்நூலும் அதன் நாடகப் பகுதிக்குப் பின்னாளில் விளக்கம் தேடப் போகும் குழந்தையும் ஓராண்டிலேயே உலகைக் கண்டது திருவருட் குறிப்பென்றே கொள்ளத்தகும்.

பிறந்த மண்ணின் இயல்பையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். மட்டக்களப்பு நாடு கண்ணகி வழிபாட்டிற்குப் பேர்போனது. வைகாசித் திங்களில் அங்குள்ள கண்ணகையம்மன் கோயில்களில் வழக்குரை ஏடு திறந்து பாடப்பெறும். காரைதீவிலும் கண்ணகையம்மன் கோயில் உண்டு. அன்றியும், வடமோடி தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்களும் அழியாது நிலவிய நாடு அது. மக்கள் சுற்றிலும் அமர்ந்து காணும் வட்டமான ஆடுகளத்தை அவர்கள் களரி என்பர். கூத்தைப் பழக்கும் ஆசானை அண்ணாவியார் என்பர். பல திங்கள் பழகிய கூத்தை ஊரார் முன் முதன்முறை ஆடிக்காட்டுவது அரங்கேற்றம். மாதவி சோழன் அவையில் ஆடியதற்கு இளங்கோவடிகள் வழங்கிய சொல்லே ஒரு வயற்புறத்துச் சிற்றூரிலும் வழங்குகின்றது. ஏட்டில் இறந்தன என்று கருதப்பட்ட சொற்களுள் சில, எழுதப் படிக்க அறியாத உழவர் நாவில் இறவாதிருந்தன. கற்றோர் அப்பக்கம் திரும்பிப் பாராத காலம் அது.

மயில்வாகனனார் இளமையிற் பயின்றது பெரும்பாலும் விஞ்ஞானமும் கணக்கும் ஆகும். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று ஆசிரியராகிக் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத் தேர்ச்சி பெற்றார். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்விலும் வென்றார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் வென்றோருள் முதல்வர் அவரே. பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் எய்தினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்து, 1920-இல் மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியரானார். கைநிறைந்த ஊதியமும் ஊரார் மதிப்பும் வாய்த்த அந்நிலையை விடுத்து 1922-இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். அங்குப் பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் இருந்து, 1924-இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆயினார். இச்சிவானந்தர், இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர் மாணாக்கருள் ஒருவர். இருடிகேசத்துச் சிவானந்தர் வேறு. பெயரொற்றுமையால் இருவரையும் மயங்குவோர் உளர்.

அவர் துறவு பூண்ட அந்த 1924-ஆம் ஆண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் அவர் சொற்பொழிவாற்றினார். எடுத்துக்கொண்ட பொருள் வேதாந்தம் அன்று, நாடகம். அக்காலத்தில் நாடகமேடை எந்நிலையில் இருந்தது என்பதை எண்ணினால்தான் இதன் அருமை விளங்கும். நாடகத் தமிழின் தலைமையாசிரியர் எனத்தக்க சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல்தான் மறைந்திருந்தார். அவர் பழக்கிய சிறுவர்கள் ஊர்தோறும் ஆடிவந்தனர். ஆயினும் நடிப்பவனைக் கூத்தாடி என இகழ்வதும், கற்ற குடும்பத்தார் தம் மக்களை நாடகக் கொட்டகைப் பக்கம் விடாமையும் அந்நாளைய வழக்கம். தில்லைப் பெருமானைக் கூத்தன் எனப் போற்றிக் கைகூப்பிய வாயே கூத்தாடுவோனை வசைமொழியால் அழைத்தது. சைவ நன்மக்களும் இதற்கு விலக்கல்லர் என்பதை மறைத்துப் பயனில்லை. பரிதிமாற் கலைஞர் 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கண நூல் செய்து வழிதிறந்தும், அவர் 1903-இல் இளமையிலேயே காலமானமையால் அவ்வழியிற் செல்வோர் அருகினர். இந்நிலையில் காவியுடுத்த இளந்துறவி ஒருவர் புலவர் அவையில் நின்று நாடகத்தின் உறுப்புக்களை விரித்துரைத்தது சிறிய துணிவு அன்று.

அச்சொற்பொழிவு விரிந்து 1926-இல் மதங்க சூளாமணி என்னும் நூலாக வெளிவந்தது. மதங்கர் என்பது கூத்தரைக் குறிக்கும் பழஞ்சொல். கூத்தர்க்கெல்லாம் முடிமணி போன்றவர் என ஆங்கில நாடகப் புலவராகிய சேக்சுபியரைக் கருதி அடிகளார் அப்பெயரிட்டார். நூல், உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று இயல்களால் ஆயது.

உறுப்பியல், அடியார்க்குநல்லார் உரையில் சிதறிக்கிடந்த நாடகச் சொற்களைத் திரட்டிப் பொருள் காட்டுவது. அவற்றுள் நாடகச் சந்தி ஐந்தனையும் இங்குச் சற்று நின்று காண்பது நலம். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன அவை. வடமொழியாளரும் சந்தி ஐந்தென்றே கொள்வர். தமிழ் உரையாசிரியர் அவற்றை உழவனின் வயலில் வைத்து விளக்கினார். உழுது பண்படுத்திய நிலத்தில் விதைத்த வித்து முளைப்பது முகம். நாற்றாகி இலை விடுவது பிரதிமுகம். கதிரைத் தன்னகத்தே பொதிந்து பயிர் சூல்கொள்வது கருப்பம். கதிர் தலைசாய்ந்து முற்றுவது விளைவு. அறுத்துப் போரிட்டுக் கடாவிட்டுத் தூற்றிக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். ஐரோப்பியர் தம் நாடகங்களை ஐந்து அங்கங்களாக வகுத்தனர். சேக்சுபியர் நாடகங்கள் இன்று நம் கைக்கு வரும் பதிப்புக்கள் அவ்வகுப்பிலேயே அமைந்துள்ளன. ஓர் ஆங்கில நாடகத்தை எடுத்து, இஃது எங்கே முளைக்கின்றது, எங்கே சூல்கொள்கின்றது, எங்கே முற்றுகின்றது எனத் தமிழ்ச் சொல்லால் வினவிப் பார்க்கலாகும் என்பதே அடிகளார் கண்ட புதுமை. பழஞ்சொல் பிறநாட்டுப் பொருளைத் தாங்குமாயின் அது இறந்த சொல் அன்று என்பது அவர் கொண்ட கருத்தாதல் வேண்டும்.

எடுத்துக்காட்டியலில் சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்கள் இவ்வாறு ஆராயப்பெற்றன. ஆங்கிலப் புலவர் அங்குச் செகசிற்பியார் ஆயினார். மாக்பெத்து என்னும் தலைமகன் மகபதி ஆயினான். பிறநாட்டு மாந்தர்க்குத் தமிழோசை தழுவிய பெயரிடும் இம்முறை நிலைபெறவில்லை. மூலத்தை அறிந்தார்க்கு அது வேடிக்கையாகவும் அறியாதார்க்கு மயக்கமாகவும் தோன்றியிருக்கலாம். இந்நாளில் சேக்சுபியர் என்றே எழுதுகின்றோம். நூலின் பெருமை அப்பெயர்களில் இல்லை. வீரம், அச்சம், இழிப்பு, வியப்பு, இன்பம், அவலம், நகை, நடுவுநிலை, உருத்திரம் எனப்படும் சுவை ஒன்பதனை அறிந்தான் ஒருவன் எந்நாட்டுக் கூத்தையும் அவற்றால் அளந்தறியலாம் என்று காட்டியதே அதன் பெருமை.

ஒழிபியல், தனஞ்சயன் என்பார் பத்தாம் நூற்றாண்டில் வடமொழியிற் செய்த தசரூபகத்தின் கருத்துக்களைத் தமிழில் தருவது. நாடகம், பிரகரணம், பாணம், பிரகசனம் முதலாக உருவகம் பத்தென வகுப்பது அந்நூல். வடமொழி மரபில் தலைவனின் சாவை மேடையில் காட்டுதல் ஆகாது; கதை நலமாகவே முடிதல் வேண்டும். யவனரோ அவலத்தில் முடியும் நாடகத்தையே தலைசிறந்ததாகக் கொண்டனர். அதனைத் தியோனீசன் என்னும் தம் தெய்வத்தின் விழாவில் ஆடினர். சேக்சுபியரும் அவ்வழி நின்றவர். தமிழர் நிலை யாதோவெனின், கோவலன் கொலையுண்ட பின்னரும் காப்பியம் மேற்சென்று வழக்குரைத்துக் கோயில் எழுப்பி வாழ்த்துடன் நிறைகின்றது. இது யவனர் நெறியும் அன்று, தசரூபக நெறியும் அன்று. அடிகளார் உலக நாடகங்களை ஒருங்கு வைத்ததன் பயன், நம்முடையது எவ்விடத்து வேறுபடுகின்றது என்பதும் தெரிய வந்தமையே ஆகும். யவனர் கலைகளை அவர் தனியே விரும்பிக் கற்றவர். யவனபுரத்துக் கலைச்செல்வம் என்று ஒரு கட்டுரையும் எழுதியுள்ளார்.

1925-இல் அடிகளார் இலங்கை திரும்பினார். இராமகிருஷ்ண சங்கப் பள்ளிகளை நடத்துவதும், 1929-இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயம் நிறுவியதும் அக்காலத்துப் பணிகள். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1936-இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை பூண்டார். விஞ்ஞானம் கற்ற தமிழ்ப் பண்டிதர் அதற்குத் தலைவரானது பொருத்தமே. புதுப்பொருளுக்குச் சொல் காண்பதும் பழஞ்சொல்லுக்குப் பொருள் காண்பதும் அவரிடத்து ஒரே தொழிலின் இரு கைகளாயின.

நாடகத்தில் தொடங்கியவர் யாழில் ஆழ்ந்தது ஏன் என்னும் வினா எழலாம். விடை அரங்கேற்று காதையிலேயே உள்ளது. அங்கு ஆடலாசிரியன் அமைதி கூறிய இளங்கோவடிகள், தொடர்ந்து இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் அமைதியும் கூறிய பின்னரே அரங்கிற்கு வருகின்றார். அவ்வரங்கு ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையது. அதற்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். தூணின் நிழல் ஆடுவோர் மேல் விழாதவாறு வைத்த விளக்குகள். அரங்கை அளவு கொண்டு தச்சன் இன்றும் கட்டிவிடலாம். ஆடலையோ, அதனை ஏந்திய இசை தெரியாமல் மீட்டல் இயலாது. அவ்விசையோ யாழின் நரம்பில் கட்டுண்டு கிடந்தது. யாழோ மண்ணில் மறைந்துவிட்டது. ஆகவே ஆடலைத் தேடப் புகுந்தவர் யாழில் வந்து நிற்றலே முறையாகும்.

பேரியாழ் 21 நரம்பும், சகோடயாழ் 14 நரம்பும், செங்கோட்டியாழ் 7 நரம்பும் உடையன என்ற எண்கள் இருந்தன. அவற்றின் வடிவம் யாது, நரம்புகள் எவ்வெச்சுருதியில் நின்றன என்பன தெரியா. வீணையே யாழ் எனக் கொண்டோர் பலர். அடிகளார் நூற்சான்றுகளோடு பழஞ்சிற்பங்களையும் ஒப்புநோக்கி, யாழ் வில்லின் வழித்தோன்றிய தனிக்கருவி என நிறுவினார். தாம் கற்ற கணித விஞ்ஞானத்தால் நரம்புகளின் அளவைக் கணக்கிட்டார். சுமேரியர் நாட்டு ஊர் நகரத்து அரச கல்லறைகளிலிருந்தும் இத்தகைய நரம்புக் கருவிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பர்மியரின் வளைந்த யாழ் இன்றும் இசைக்கப்படுகின்றது. தேவாரப் பண்களுக்கென்று தனியே ஓர் இயல் வகுத்து, பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழியல்களில் யாழ்நூலை யாத்தார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் பிரபுத்த பாரத ஆசிரியராக இருந்தபோதும், 1943 முதல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தபோதும் இவ்வாராய்ச்சி அவரை விடவில்லை. உடலோ நலிந்துகொண்டே வந்தது.

1947-ஆம் ஆண்டு சூன் 5, 6 ஆகிய நாட்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறிற்று. ஆளுடைய பிள்ளையார் பதிகம் ஓதி ஓடம் செலுத்தியருளிய தலம் அது. அப்பிள்ளையாரோடு உடன் சென்று யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், திருத்தருமபுரப் பதிகம் தம் யாழில் அடங்காமை கண்டு அதனை முறிக்கப் புகுந்த வரலாற்றைச் சைவர் அறிவர். அவர் கையிலிருந்தது போன்ற கருவி எத்துணையோ நூற்றாண்டுகளுக்குப் பின் அக்கோயிலில் காட்சிக்கு வந்தது. அடிகளார் கணக்கின்படி இயற்றிய யாழ்களை இசைவாணர் க. பொ. சிவானந்தம் பிள்ளை மீட்டிக் காட்டினார். கணக்கேட்டில் இருந்த இசையை அன்றுதான் செவி கேட்டது.

அதன்பின் நாற்பத்துமூன்றாம் நாள், 1947 சூலை 19-ஆம் நாளில், அடிகளார் தம் ஐம்பத்தைந்தாம் வயதில் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். இசைக்கு யாழ்நூல் நிறைந்தது. நாடகத்திற்கோ மதங்க சூளாமணி என்னும் கால்கோளோடு அவர் பணி நின்றுவிட்டது. அடியார்க்குநல்லார் எடுத்தாண்ட நூல்களுள் பஞ்சமரபு பின்னாளிற் கிடைத்து அச்சேறியது. அதனைக் காண அவர் இல்லை.

எனினும் அவர் தொட்ட பொருள் அவரோடு முடிந்துவிடவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் களரிக் கூத்தைக் கற்றோர் மேடைக்குக் கொணர்ந்து, 1962-இல் கர்ணன் போரும் பின்னர் இராவணேசனும் ஆடச்செய்தார். அண்ணாவிமார் அன்றுதான் பல்கலைக்கழக வாயிலுக்குள் ஆசான்களாக மதிக்கப்பெற்றனர். செங்குட்டுவன் முன் பறையூர்ச் சாக்கையன், உமையொருபாகனாய், ஒருபால் அசைய மறுபாற் பாடகமும் சூடகமும் அசையாது கொடுகொட்டி ஆடினான் என்று நடுகற்காதை கூறும். அச்சாக்கையர் பெயரையே பூண்டோர் கேரளக் கோயில்களில் ஆடும் கூடியாட்டத்தை 2001-இல் ஐக்கிய நாடுகளின் யுனெசுக்கோ அமைப்பு மனிதகுலத்தின் அருஞ்செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஜப்பானியரின் நோ நாடகமும், சீனரின் குன்சூ இசைநாடகமும், இத்தாலியின் சிசிலித் தீவுப் பாவைக்கூத்தும் அதே ஆண்டில் அவ்வரிசையில் இடம்பெற்றன. தமிழ்த் திருமகள் ஆடிய பாவைக்கு அடவு கூறும் நூல் இன்னும் கிடைத்திலது.

அடிகளாரின் திருமேனி மட்டக்களப்புக்குக் கொணரப்பெற்றுச் சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. ஈசனுக்கு உவப்பான மலர் எது என்பது பற்றி அவர் இயற்றிய பாடல் அச்சமாதியிற் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்விடத்திற்கு அணித்தாகவே, கல்லடியில், அவர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நடைபெறுகின்றது. இசையும் நடனமும் நாடகமும் அங்குப் பாடங்களாகப் பயிற்றப்படுகின்றன.